ஞாயிற்றுக்கிழமை பத்து மணி அழைப்பு

சவுசவு படகுச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் தொங்கும் கால அட்டவணை கிளெனிஸ் ரட்கின் தட்டச்சு செய்தது. திங்கள் சீட்டாட்டம், செவ்வாய் இடுப்பளவு கடல் நீரில் நடை, புதனன்று மருத்துவமனைக்குத் தலையணை உறை தைப்பது. வெள்ளிக்கிழமை இறைச்சிப் பொட்டலத்தைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல், அதற்கு யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. நியூசிலாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து ஃபிஜியின் இந்தக் கரையில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் முப்பது நாற்பது பேரும் அந்தத் தாளின்படிதான் எழுந்து, நடந்து, சாப்பிட்டு, சண்டை போடுகிறார்கள்.

நியூசிலாந்தின் டிமாரு பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் வண்டிகளை நேரத்துக்கு அனுப்பியவர் கிளெனிஸ். செவ்வாய்க்கிழமை கடல் நடைக்கு யாராவது ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால், தண்ணீரில் நின்றபடியே கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுவார்.

"அலை கூட உன்னைக் கேட்டுட்டுத்தான் வருது, கிளெனிஸ்" என்பார் வெர்ன். அதே நாட்டில் நெல்சன் ஊரில் மீன் கடை வைத்திருந்தவர்.

"அலை உன்னை மாதிரி இல்ல வெர்ன், சொன்ன நேரத்துக்கு வரும்."

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அந்தத் தாளில் கட்டமே கிடையாது. அன்றைக்குக் கடைகள் திறக்காது. ஊரே தேவாலயத்தில் இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் அவரவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இங்கே வரவேண்டும் என்று ஆசைப்பட்டவர் கிளெனிஸின் கணவர் டெஸ். டிமாருவின் குளிர் அவர் நுரையீரலுக்கு ஆகவில்லை. ஆறு வருஷம் வெயிலில் சந்தோஷமாக இருந்தார், போன வருஷம் பிப்ரவரியில் இறந்தார். மேட்டுக் கல்லறையில், பக்கத்து வீட்டு அசெனாதாவின் அப்பாவுக்கு அருகில் இடம் கொடுத்தார்கள்.

மகள் ஜனீன் டிமாருவில் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஓர் அறை கட்டியிருந்தாள். நாலு மாதமாக அது சும்மாக் கிடந்தது. "திங்கட்கிழமை ஒரு நர்ஸ் பொண்ணு குடிவரேங்குறா. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுறேன். வர்றியா இல்லையான்னு ஒரே வார்த்தை சொல்லிடும்மா" என்றிருந்தாள்.

வரவில்லை என்று சொல்வதாகத்தான் கிளெனிஸ் முடிவு செய்திருந்தார். எழுபத்திரண்டு வயதில் மகள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்து, யார் எப்போது வருவார்கள் என்று காலடி எண்ணிக்கொண்டிருக்க அவருக்கு விருப்பமில்லை. டெஸ்ஸைத் தனியே விட்டுப் போகவும் மனம் வரவில்லை. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, வாரம் முழுவதும் குளியலறையில் வாசித்துப் பழகினார். 'எனக்கு இங்கே ஒரு நாள்கூடச் சும்மா இருக்க நேரமில்லை, ஜனீன்.' அந்த வரியை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

அந்த மும்முரத்தில் ஒன்றை மறந்தார். ஏப்ரலிலிருந்து சவுசவுவும் டிமாருவும் ஒரே நேரத்தில்தான் ஓடும். செப்டம்பர் கடைசி ஞாயிறு வந்தால் நியூசிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், இங்கே தள்ளமாட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் இதில் ஏமாறுவார். அதனாலேயே ஒரு வாரம் முன்பே பலகையில் சிவப்பு மையால் எழுதிப் போடுவது கிளெனிஸின் வழக்கம். இந்த வருஷம் போடவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, தலைக்குக் குளித்து, துண்டோடு சமையலறையில் நின்று ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எழுதிய தாள் படுக்கையறையில் இருந்தது.

"அம்மா, சொல்லு."

"என்னடி, ஒம்பது மணிக்கே கூப்பிடுறே? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"மணி பத்தும்மா! ராத்திரி கடிகாரம் மாத்தியாச்சே!"

கிளெனிஸ் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஊருக்கே பஸ் அனுப்பின கிளெனிஸ் ரட்கின், சொந்த பஸ்ஸைக் கோட்டை விட்டுட்டாங்க" என்றாள் ஜனீன். "இரு, இதை எல்லாருக்கும் சொல்லணும்."

"வெர்னுக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னா, நான் கடல்லயே மூழ்கிடணும்."

இருவரும் சிரித்தார்கள். வெகுநாள் கழித்து இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தபோது, ஜனீனுக்குப் பின்னால் ஏதோ தடதடவென்று கேட்டது.

"அது என்னடி சத்தம்?"

"தெக்குக் காத்துதான், துருவத்துலேந்து நேரா வருது. விடிகாலைல ஆரம்பிச்சுது. கீழ் ரூம் ஜன்னல் சரியா மூடல, ஆடுது. மலை மேலெல்லாம் பனி. நாசமாப்போற குளிரு."

"கொஞ்சம் ஃபோனை அது பக்கத்துல வையேன்."

"எதுக்கு?"

"வைடி."

மகள் படியிறங்கிப் போவது கேட்டது. பிறகு காற்று மட்டும். அது எழுந்து, ஜன்னலை உலுக்கி, அடங்கி, மறுபடி எழுந்தது. எட்டு ஆண்டுகளாகக் கிளெனிஸ் போர்வை போர்த்தித் தூங்கியதில்லை. மூக்கு நுனி சில்லிட்டு, பேருந்து நிலையத்துக் கதவைத் தோளால் தள்ளித் திறந்த காலைகள் ஒவ்வொன்றாக வந்தன. அதையெல்லாம் மனம் தேடுகிறது என்று டெஸ்ஸிடம் ஒருநாளும் அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் டெஸ் பெட்டியைக் கட்டியிருப்பார், முதல் குளிர்காலத்திலேயே மூச்சுக்குத் திணறியிருப்பார்.

"போதுமாம்மா? எனக்குக் கை விறைக்குது."

கிளெனிஸ் மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட வேற இடம் பாத்துக்கச் சொல்லு" என்றார்.

ஜனீன் ஜன்னலை விட்டு விலகி வருவது கேட்டது.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். ஜன்னலைச் சரி பண்றேன்னு எவனையும் கூட்டிட்டு வராதே."

பேசி முடித்து, வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். எதிர்ப்புறத் தேவாலயத்தில் பாட்டு தொடங்கி, பிரசங்கம் நடந்து, மறுபடி பாட்டு வந்தது. நண்பகலில் அசெனாதா வெள்ளை உடுப்போடு, தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் சேப்பங்கிழங்கும் எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா வயதுக்காரர்களை அந்த ஊரில் நௌ என்பார்கள். அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நௌ, ஏன் தலையை இன்னும் வாரல? அழுதீங்களா?"

ஊருக்குத் திரும்பிப் போவதைக் கிளெனிஸ் சொன்னார். அசெனாதா தட்டை மேசையில் வைத்தாள்.

"டெஸ் ஐயா?"

"அதைத்தான் உன்கிட்ட எப்படிக் கேக்கிறதுன்னு உக்காந்திருக்கேன்."

"இதுல கேக்க என்ன இருக்கு? எங்கப்பாவுக்குப் பூ வெக்கிறப்ப அவருக்கும் வெப்பேன். எங்கப்பாவுக்குத்தான் கஷ்டம். நீங்க வாராவாரம் போய்ப் பேசுவீங்க, அவரும் ஓசியில கேட்டுட்டிருந்தார்."

கிளெனிஸுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் சேர்ந்து வந்தது. அசெனாதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மீனில் முள் எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"எப்போ போறீங்க?"

"தெரியல. கிறிஸ்துமஸுக்கு முன்னால."

"அப்ப இன்னும் பத்துப் பன்னெண்டு ஞாயித்துக்கிழமை இருக்கு" என்றாள் அசெனாதா. "அடுத்த வாரம் என்ன சமைக்கட்டும்?"

கிளெனிஸ் யோசித்தார். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. நண்டு என்றார்.