நீலத்தில் இருந்த வீடு

மட்டாஞ்சேரியில் என் அக்கா குடியிருந்த வீட்டின் பின்சுவர் ஒரு கர்க்கடக மாத மழையில், நம் ஆடியில், விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அடுப்பும் அம்மியும் கல்லுக்கடியில் போயின. மற்ற சுவர்களும் அடுத்த மழையைத் தாங்காது, இடித்துவிட்டுக் கட்டுவதே நல்லது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அக்கா முற்றத்தில் தார்ப்பாய் கட்டி அதன் கீழே சமைத்தாள்.

நான் அப்போது எர்ணாகுளத்தில் ஒரு பத்திரிகையில் வேலை செய்துகொண்டிருந்தேன். நகராட்சிச் செய்திகள் என் பொறுப்பு. அதனால்தான் அத்தான், அதாவது அக்காவின் கணவர், கட்டட அனுமதி கேட்கப் போகும்போது என்னையும் கூப்பிட்டார். அவர் மிளகும் சுக்கும் ஏற்றுமதியாகும் ஒரு கிடங்கில் மேஸ்திரி. வீடு அவர் அப்பா வாங்கியது. பத்திரம் சுத்தமாக இருந்தது. சாயா குடித்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் போனோம்.

நகரத் திட்ட அலுவலகத்தில் இருந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். மேசைமேல் வரைபடத்தை விரித்து எங்கள் சர்வே எண்ணைத் தேடினார். அந்த வரைபடங்களை நான் சுவர்களில் பார்த்திருக்கிறேன். மஞ்சள் என்றால் குடியிருப்பு. நீலம் என்றால் வியாபாரமும் கிடங்கும். பச்சை, திறந்த வெளி. எந்த நிறத்தில் என்ன கட்டலாம், என்ன கட்டக்கூடாது என்பது விதி. அவருடைய விரல் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் நின்றது. சந்து முழுவதும் நீலமாக இருந்தது.

"இது குடோன் ஏரியா," என்றார். "இவிடெ வீடு பணியான் பற்றில்ல." இங்கே வீடு கட்ட முடியாதாம்.

அத்தான் சிரித்தார். "சாரே, நானும் பெண்டாட்டியும் பிள்ளைகளும் அங்கதான் இருக்கோம். அப்ப நாங்க என்ன, சரக்கா?"

அதிகாரி சிரிக்கவில்லை. "குடோன்னா அனுமதி உண்டு. அப்ளை பண்ணிக்கோங்க. வீடுன்னா இல்ல."

அந்தச் சந்தில் எத்தனையோ குடும்பங்கள் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் நான் சாப்பிட்டிருக்கிறேன். வரைபடத்தில் அங்கே ஒரு மனிதர்கூட இல்லை. இந்த நிறம் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"எங்க ஆளுங்க ஓரோ வாசலிலும் நின்னு கேட்டதாணு," என்றார் அவர். "ஆரும் தாமசமில்லன்னு நிங்கள் தன்னே பறஞ்ஞு." தாமசம் என்றால் அந்த ஊரில் குடியிருப்பது; அங்கே யாரும் குடியில்லை என்று நாங்களே சொன்னோமாம்.

அத்தானின் முகம் மாறியது. பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

தோணித்துறைக்கு வந்த பிறகுதான் பேசினார். "அது சுக்கு சீசன்டா."

எனக்குப் புரிந்துவிட்டது. இஞ்சி காயும் மாதங்களில் அந்தச் சந்துக்காரர்கள் முற்றத்தையும் முன்னறையையும் வியாபாரிகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். முற்றத்தில் பாய் விரித்துச் சுக்கு காயும். முன்னறையில் மூட்டை ஏறும். குடும்பம் பின்னறையில் ஒடுங்கிக்கொள்ளும். ஆனால் சமையல் நடக்கும் இடத்தில் சரக்கு வைக்கக்கூடாது என்பது ஏற்றுமதிக்காரர்களின் கண்டிப்பு. சுக்கில் மீன் வாடை ஏறினால் கப்பலுக்குப் போகாது. அதனால் பென்சிலும் அட்டையுமாக யாராவது சந்துக்குள் நுழைந்தால், சரக்கைச் சோதிக்க வந்த ஆள் என்று ஓர் இருமல் வாசல் வாசலாகப் போகும். அடுப்பில் தண்ணீர் ஊற்றப்படும். பாயும் தலையணையும் பரணுக்கு ஏறும். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கோயில் பக்கம் போய்விடுவார்கள். வாசலில் ஆண்கள் மட்டும் நின்று, இங்கே யாரும் குடியில்லை என்பார்கள். ஒருமுறை நான் விருந்துக்குப் போயிருந்தபோது, பாதிச் சோற்றில் என் இலையையே தூக்கிவிட்டாள் அக்கா. அதைச் சொல்லிப் பல நாள் சிரித்திருக்கிறோம்.

நிலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புக்காரர்களும் பென்சிலும் அட்டையுமாகத்தான் வந்திருக்கிறார்கள். பிறகு வரைவுத் திட்டத்தை அலுவலகத்தில் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். அந்தச் சந்திலிருந்து ஒருவரும் போகவில்லை. நகரத்தின் வரைபடம் தங்கள் அடுப்படி வரை வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுபடி போய்க் கேட்டோம். ரேஷன் கார்டைக் காட்டினோம். அதிகாரி அதைப் பார்த்துத் தலையாட்டினார், நம்பவும் செய்தார். ஆனால் நிறத்தை மாற்றுவது அவர் கையில் இல்லை. திட்டம் திருத்தப்படும்போது பார்க்கலாம். எப்போது திருத்துவார்கள் என்பது அவருக்கும் தெரியாது. அதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து அத்தான் முடிவைச் சொன்னார். "குடோன்னே கட்டிருவோம்."

"நான் எங்க சமைக்க? மூட்டை மேலயா?" என்றாள் அக்கா.

"இத்தனை நாள் எங்க சமைச்சே? சோதனைக்காரன் வந்தா தண்ணி ஊத்தி அணைக்கத்தானே செஞ்சே?"

"அது சீசனுக்கு. சீசன் முடிஞ்சா நான் வீட்டுக்காரி."

அத்தான் எழுந்து கொத்தனாரைப் பார்க்கப் போனார்.

அனுமதி உடனே கிடைத்தது. விதிப்படி ஒரே கூடம். கைவண்டி நுழையும் அளவுக்கு அகலமான கதவு. கூரையை ஒட்டி, கைக்கு எட்டாத உயரத்தில் காற்றுத் துளைகள். ஜன்னல் இல்லை. அடுப்படி இல்லை. அக்கா வாசலில் நின்று, கட்டடம் எழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொத்தனார் ஒரு நாள், "சேச்சி, ஒரு மூலைல சின்ன மேடை போட்டுத் தர்றேன், மூட்டை வைக்கன்னு சொல்லிக்கலாம்," என்றார். அடுப்பு அதன்மேல் ஏறியது.

கட்டி முடித்த பிறகு, கட்டடத்துக்குக் கதவு எண் கொடுக்க நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பார்க்க வேண்டும். அது சுக்கு சீசன் இல்லை. வெறும் கூடத்தைக் காட்டினால் சந்தேகம் வரும் என்று அத்தான் தன் கிடங்கிலிருந்து மூட்டைகளைக் கேட்டு வாங்கி அடுக்கினார். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். சந்து முனையிலிருந்து அந்த இருமல் கேட்டது. அக்கா சட்டியை இறக்கி, அடுப்பை அணைத்து, பாய்களை மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி, சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்ச்சுவரை ஒட்டி, வழியில் போகிறவள்போல நின்றாள்.

வந்தவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், அளந்தார், குறித்துக்கொண்டார். போகிறபோது மூக்கை உறிஞ்சினார். மத்தி வாடை. அக்காவைப் பார்த்தார்.

"சேச்சி, நிங்கள் இவிடெயாணோ தாமசம்?"

சின்னவன் கூடத்தை நோக்கிக் கையை நீட்டினான். அக்கா அந்தக் கையை மடக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"இல்ல சாரே," என்றாள். "இங்க ஆரும் தாமசமில்ல."

குரலில் பதற்றமே இல்லை. அவர் தலையாட்டிவிட்டு, வந்த வழியில் மற்றதையும் பார்த்துவிடலாம் என்பதுபோல அடுத்த வாசலுக்குப் போனார். அங்கேயும் பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

அவர் சந்து முனையைத் தாண்டும்வரை அக்கா அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. பிறகு உள்ளே போய் மூட்டைகளுக்கு இடையில் வழி பார்த்து நடந்து, மேடையில் அடுப்பை மூட்டினாள். மீன் பாதி வெந்திருந்தது.