சேகருக்குக் கிடைத்த ஸ்கூட்டர்

திருவண்ணாமலைக் கோயில் வாசலில் நான் பூ விற்கிறேன். பக்கத்துக் கடை சேகருக்குப் போலியோவால் கால்கள் சூம்பிவிட்டன. அவனுக்கும் சேர்த்து மார்க்கெட்டில் பூ வாங்கி வந்தது நான்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுத் திட்டத்தில் அவனுக்கு ஸ்கூட்டர் கிடைத்தது. மறுநாளே எனக்கு முன்னால் போய் நல்ல மல்லியாக வாங்கி வந்துவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. “நமக்கெல்லாம் யாரு குடுக்கறாங்க?” என்று அவன் காதில் விழும்படியே சொன்னேன்.

அடுத்த நாள் மழை. மார்க்கெட்டில் கூடையோடு நின்ற என்னருகே அவன் வண்டியை நிறுத்தினான்.

“ஏறுங்கக்கா. இத்தினி நாளா எனக்கும் சேத்து நீங்கதானே தூக்கினு வந்தீங்க?”

பின்னால் உட்கார்ந்தேன். என் தயவு இல்லாமல் அவன் பிழைப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்று அப்போது புரிந்தது.

இன்றும் அந்த வண்டியைப் பார்த்தால் மனசுக்குள் கொஞ்சம் சுருக்கென்கிறது. ஆனாலும் தினமும் அதில்தான் மார்க்கெட்டுக்குப் போகிறேன்.