ஜில்லென்று கொதித்தது

ஈஜிபுராவில் தங்கை வீட்டுக்கு வந்த இடத்தில், பூங்காவை ஐந்தாவது சுற்று ஓடிக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் மாதம், பகல் பதினொன்றரை மணி. சென்னைக்காரனுக்கு பெங்களூர் வெயில் ஒரு வெயிலா? இருந்தாலும் நெற்றி முதல் முதுகுவரை மெந்தால் ஜெல்லைச் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் பூசியிருக்கிறேன். உடம்பு ஜில்லென்று இருக்கிறது, இன்னும் இரண்டு சுற்று போகலாம் என்று நினைக்கும்போதே கால் தள்ளாடுகிறது, கண் இருட்டுகிறது.

வாசலில் இளநீர் விற்கும் அம்மாவின் வண்டியைப் பிடித்துக்கொள்கிறேன். "எனக்குக் குளிருதும்மா. மாரடைப்புன்னு நெனைக்கிறேன்."

அவர் என் கையைத் தொட்டுப் பார்க்கிறார். "குளிருதா? தோசக்கல்லு மாதிரி கொதிக்குதுண்ணா! மேல இன்னா பூசிக்கினு வந்தீங்க?"

ஜெல் குழாயைக் காட்டுகிறேன். மோந்து பார்க்கிறார்.

"இது தோலை ஏமாத்துது. உள்ள சூடு அப்படியே கீது. நெழல்ல ஸ்வல்ப நேரம் உக்காருங்க."

இளநீர்க்காய்கள் மேல் கிடந்த ஈரச் சாக்கை உருவி என்னைப் போர்த்துகிறார். குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றுகிறார். பிறகு அரிவாளை எடுக்கிறார். கருணைக்கொலையோ என்று கண்ணை மூடிக்கொள்கிறேன். இளநீர் சீவும் சத்தம் கேட்கிறது.

"பொழைச்சுப்பேனாம்மா?"

"சாவறவரு இவ்ளோ பேச மாட்டாரு. மெதுவா குடிங்க. பத்து நிமிஷத்துல தெளியலன்னா ஆட்டோல ஆஸ்பத்திரிதான்."

மடக்கு மடக்காகக் குடிக்கிறேன். கைக்கடிகார முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணிருட்டு மெல்ல விலகுகிறது. சாக்கு ஜெல்லைத் துடைத்துவிட்டது போலிருக்கிறது, ஒன்பதாவது நிமிடத்தில், நிழல் விலகிய பிடரியில் வெயில் சுள்ளென்று உறைக்கிறது.

"அம்மா, வெயில் சுடுதும்மா!"

இவ்வளவு சந்தோஷமாக யாரும் வெயிலைத் திட்டியிருக்க மாட்டார்கள்.