மச்சினன் கையில் பன்னிரண்டு சொற்கள்

இந்தப் பயணத்தை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று வாரமாக மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, எழுதிவிடுகிறேன். தூத்துக்குடிப் பக்கம் போக நினைப்பவர்கள், கடைசிப் பகுதியையாவது படித்துவிடுங்கள்.

போன தை மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ஆறரைக்கு மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். நூற்று நாற்பது ரூபாய், மூன்று மணி நேரம். தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து திரேஸ்புரத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. முதலில் இருநூறு கேட்டார். நான் நகராமல் நின்றதும் பாதிக்கு இறங்கிவிட்டார்.

“சங்கு வாங்கவா மேடம்?” என்றார் வண்டியை எடுத்தபடி.

“இல்ல அண்ணாச்சி, சங்கு குளிக்கிறவங்களப் பாக்க.”

“அவிய ரெண்டு மணிக்குத்தான கரைக்கு வருவாவ? அதுவரைக்கும் வெயில்ல காயப் போறியளா?”

நான் வேலை பார்ப்பது, வீடியோவில் மருத்துவரைக் காட்டும் ஒரு சிறு நிறுவனத்தில். நோயாளியின் மருத்துவக் குறிப்புகளைப் பிளாக்செயினில் வைக்கிறோம். அதாவது, ஒரே குறிப்பேட்டின் நகல் பல கணினிகளில் இருக்கும். ஒன்றில் யாராவது கைவைத்தால் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். திறக்கும் சாவி பன்னிரண்டு தமிழ்ச் சொற்கள். அது நோயாளியும் அவர் நம்பும் ஒரே ஒருவரும் மட்டும் அறிந்தது. அவசரத்துக்கு என்று, சாவி இல்லாமல் திறக்கத் தனி வழி வைக்கலாமா என்று அலுவலகத்தில் பேச்சு வந்தபோது, “அது திருடனுக்கும் வழிதான்” என்று வாதாடி நிறுத்தியவள் நான். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் நாற்பத்தோரு பேரைப் போனில் பேசிச் சேர்த்தவளும் நான்தான். அது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு, மாலையில் திருச்செந்தூர் போவதாகத் திட்டம்.

கரையோரக் கிளினிக்கில் ஒரு நர்ஸ் இருந்தார். மருத்துவர் மதுரையிலிருந்து திரையில் வருவார். அங்கே ரெஜினா என்ற பெண் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாள். அவள் கணவர் சூசை சங்கு குளிப்பவர். மூச்சுக்குக் காற்று படகிலிருக்கும் கம்ப்ரசரிலிருந்து ஓஸ் குழாய் வழியாகக் கீழே போகும். அந்த ஓஸைப் பிடித்திருப்பவன் அவளுடைய தம்பி அந்தோணி.

“முத்துக் குளிச்ச காலத்துலயே கயிறு மச்சினன் கையிலதான் மேடம். அக்கா தாலி போவட்டும்னு எந்தத் தம்பியாவது கைய விடுவானா? அதான் உங்க சாவியையும் அவன்ட்டயே குடுத்தாச்சு.”

எவ்வளவு பொருத்தம் என்று அப்போது சந்தோஷப்பட்டேன். முட்டாள்.

மதியம் ஒன்றே காலுக்கு ஒரு ஃபைபர் படகு தலைதெறிக்க வந்தது. அதில், தன் படகிலிருந்து மாற்றி ஏற்றப்பட்டு, சூசை கிடந்தார். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்துவிட்டாராம்; அப்படி வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிவிடும். கிளினிக் கட்டிலில் போட்டதும் வலிப்பு வந்தது. நிற்கவில்லை. வாயோரம் நுரை, கண் செருகிவிட்டது. ஆக்சிஜன் வைத்தார்கள். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.

திரையில் மருத்துவர் கேட்டார்: “வலிப்பு இப்பவே நிக்கணும். முன்னாடி ஏதாவது ஊசி ஒத்துக்காமப் போயிருக்கா?”

“போன வருசம் இப்படித்தான் வந்துச்சு. பெரியாஸ்பத்திரில ஒரு ஊசி போட்டவொடன மூச்சே நின்னுட்டு டாக்டர்! என்ன ஊசின்னு தெரியலையே. சீட்டெல்லாம் போன்ல ஏத்தியாச்சுன்னு தூரப் போட்டுட்டோமே!” ரெஜினா தலையில் அடித்துக்கொண்டாள்.

கிளினிக்கில் வலிப்புக்கு இருந்ததே இரண்டு மருந்து. குறிப்பைத் திறந்தால் எது ஆகாது என்று தெரிந்துவிடும். சாவி தெரிந்த இருவரில் ஒருவர் கட்டிலில் துடிக்கிறார். இன்னொருவன் எங்கே?

“அவன் எப்படி வருவான்? இன்னொரு ஆளு தண்ணிக்குள்ள கெடக்கான்லா, ஓஸ விட முடியாதே” என்றார் சூசையைக் கொண்டுவந்த படகுக்காரர். அந்தத் தொலைவில் போனும் எடுக்காது. வயர்லெஸ் மட்டும்தான். அதில் பேசினால் கடலில் இருக்கும் எல்லாப் படகுக்கும் கேட்கும்.

நானும் ரெஜினாவும் படகுக்காரரும் அவர் படகுக்கு ஓடினோம். நான் மைக்கில் கத்தினேன்: “அந்தோணி, சாவி குடுத்த மேடம் பேசுறேன், அந்தப் பன்னிரண்டு சொல்லையும் சொல்லுங்க!”

கரகரவென்று பதில் வந்தது. “யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதான மேடம் சொன்னிய? ஊரே கேக்குதே!”

ரெஜினா மைக்கைப் பிடுங்கினாள். “ஏலே, அக்கா பேசுதேன். அத்தான் போயிருவாருலே. சொல்லுலே!”

அந்தோணி சொல்ல ஆரம்பித்தான். “குடை... வாழை... சங்கிலி...” ஒவ்வொன்றாக வந்தது. அவசரத்தில் போனில் இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். ஏழாவது சொல் இரைச்சலில் போய்விட்டது. உடனே முகம் தெரியாத ஒரு குரல்: “ஏணி. ஏழாவது ஏணி. எனக்குக் கேட்டுச்சு.” பத்தாவதை இன்னொரு படகு திருப்பிச் சொன்னது.

திறந்துவிட்டது. ஆகாத மருந்தின் பெயரைக் கத்திக்கொண்டே கிளினிக்குக்குள் ஓடினேன். மருத்துவர் சொன்னால் உடனே போட வேண்டும் என்று நர்ஸ் ஒரு மருந்தை ஊசியில் ஏற்றித் தயாராக வைத்திருந்தார். அதே மருந்து! அவர் ஊசியை அப்படியே தட்டில் போட்டுவிட்டு மற்றதை எடுத்தார். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றது. வெளியே வயர்லெஸ்ஸில் “ஆளு இருக்காரா? ஆளு இருக்காரா?” என்று யார் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சூசை பிழைத்துவிட்டார். வலது கால் இன்னும் முழுதாக வரவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் சாவியை மாற்றிக் கொடுத்து, “இந்தத் தடவை யாருகிட்ட?” என்று கேட்டேன். “மச்சினன்ட்டதான் மேடம். வேற யாரு இருக்கா?” என்றார்.

திருச்செந்தூர் போகவில்லை. தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: படகு ஏறும்முன், உங்களுக்கு ஆகாத மருந்து எது என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். போனை நம்பாதீர்கள். நாங்கள் அதில் போட்ட பூட்டை அதைவிடவும் நம்பாதீர்கள். அன்றைக்கு எந்தத் திருடனும் எதையும் உடைக்கவில்லை. பூட்டு சொன்னபடி வேலை செய்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் ரெஜினா ஒரு படம் அனுப்பினாள். அந்தோணி படகின் பக்கவாட்டில், பதிவு எண்ணுக்குக் கீழே, அந்த மருந்தின் பெயரைச் சிவப்புப் பெயின்டில் எழுதி, ‘சூசைக்கு ஆகாது’ என்று போட்டிருக்கிறான்.

நான் எங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தோரு பேரில் முப்பத்தெட்டுப் பேருக்கு, ‘நம்பும் ஒருவர்’ என்ற இடத்தில் மச்சினன். அந்த மச்சினன்மார் எல்லாரும் அவரவர் அத்தானின் படகிலேயே ஓஸ் பிடிப்பவர்கள். அவசர வழி வைப்பதா வேண்டாமா என்று அலுவலகத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். சூசையைத் தவிர மீதி முப்பத்தேழு பேரும் இன்று காலையும் கடலுக்குப் போயிருக்கிறார்கள்.