வாட்டம் இல்லாத தெரு

பாட்டில் மூடியில் பாதி தண்ணீர். அதைத் தரையில் ஊற்றிவிட்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து பார்க்கிறார். தண்ணீர் சற்று யோசிப்பதுபோல் நிற்கிறது. பிறகு மேசைக்கு அடியில் நகர்ந்து, சுவரோரம் இருக்கும் அலமாரியை நோக்கிப் போகிறது. "கதவு அந்தப் பக்கம் இருக்கு. இது இந்தப் பக்கம் போகுது. கட்டினவன் யாரு?" என்கிறார். கூட்ட அறையில் எல்லோரும் அவசரமாகக் காகிதங்களைப் புரட்டுகிறார்கள். கட்டடம் புதியது, வாரியத் தலைவரே நின்று கட்டியது. காவலாளி மட்டும் துணி எடுத்துவரப் போகிறார்.

எந்த அறைக்குள் போனாலும் அவர் முதலில் பார்ப்பது தரையைத்தான், மனிதர்கள் அப்புறம். தண்ணீர் தானாக ஓடிப் போவதற்காகக் கொத்தனார்கள் தரையில் விடும் சரிவுக்கு வாட்டம் என்று பெயர். அவர் வாயில் அதிகம் புழங்கும் சொல் அது. அதனால் வடிகால் வாரியத்தில் எல்லோருக்கும் அவர் 'வாட்டம்மா'. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர் ஒருநாள், "ஏன் முகம் வாட்டமா இருக்கு?" என்று கேட்டாராம். "எந்தப் பக்கமா?" என்று கேட்டாராம் இவர். கணவர் இதை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

குள்ளமான உருவம், அகலமான பாதங்கள். அலுவலகத்துக்கும் ரப்பர் செருப்புதான். கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் இருக்கும். அதிலிருந்து அவர் குடித்துப் பார்த்தவர்கள் குறைவு. உறவினர் யாராவது வீடு கட்டினால் அவரைக் கூப்பிடத் தயங்குகிறார்கள். வந்தவர் கூடத்தில் உட்காராமல் நேரே குளியலறைக்குள் போய்விடுவார். நாத்தனாரின் புது வீட்டில் அப்படித்தான் மூடித் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டு, "குளிச்ச தண்ணி கட்டிலுக்குத்தான் வரும்" என்றார். வந்தது. நாத்தனாரின் கோபம் இன்னும் தீரவில்லை. சொன்னதற்காகவா, வந்ததற்காகவா என்று தெரியாது.

அவருடைய வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐந்து நகரங்களில் பெய்யும் மழை ஒரே கால்வாயில் இறங்குகிறது. முதலில் மேட்டு நகரம், நடுவில் மூன்று, கடைசியில் பள்ளத்து நகரம். மழைநீர் வேலைகளுக்கென்று ஐந்துக்கும் சேர்த்து அரசு ஒரு தொகை தருகிறது. அதை எந்த வேலைக்குச் செலவிடலாம் என்று எழுதித் தருவது இவர். கைதூக்கி முடிவு செய்வது ஐந்து நகரங்களின் உறுப்பினர்கள். இதுவரை ஒவ்வொரு முறையும் தொகையை ஐந்தாக வெட்டினார்கள். ஒவ்வொரு நகரமும் தன் பங்குக்குத் தன் தெருக்களில் வடிகால் கட்டி, தன் தண்ணீரை இன்னும் வேகமாகக் கீழே தள்ளிவிட்டது. "கேக் வெட்டற மாதிரி வெட்டினாங்க. எல்லாருக்கும் வாய் இனிச்சுது. தண்ணி மட்டும் அஞ்சா பிரியல, ஒண்ணாவே வந்துச்சு" என்கிறார்.

ஒன்றாக வந்த தண்ணீர் கடைசியில் போய் நின்ற தெருவில்தான் அவருடைய தம்பியின் கடை இருக்கிறது.

தம்பி மெத்தை தைப்பவர். நீளமான கடை. மேல்தட்டில் சுருட்டிய துணிகள், தரையில் பஞ்சு மூட்டைகள், நடுவில் நான்கு பேர் படுத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு வெட்டு மேசை. தெருவில் மற்றவர்கள் வெள்ளம் வடிந்ததும் கழுவித் துடைத்துக் கடையைத் திறந்துவிடுவார்கள். நனைந்த மெத்தையைக் கழுவித் துடைக்க முடியாது. "பஞ்சு ஒரு தடவ குடிச்சுட்டா எழுந்திருக்காது, சில ஆளுங்க மாதிரி" என்பார் தம்பி. போன மழையில் கடையிலிருந்த எல்லாம் தெருவோரத்தில் குவியலாகக் கிடந்து நாறியது. இன்னும் ஒன்றிரண்டு மழை அப்படி வந்தால் கடையை மூடுவதைத் தவிர வேறு வழி இல்லை. தெருக்காரர்கள் ஒரு சங்கம் வைத்து, அவரையே செயலாளர் ஆக்கினார்கள். சங்கத்தின் கோரிக்கை ஒன்றுதான்: எங்கள் தெருவுக்கு வடிகால்.

அக்கா இந்த முறை எழுதியது வேறு. தொகை முழுவதும் மேட்டு நகரத்துக்கு. அங்கே உள்ள விளையாட்டுத் திடலை ஆளுயரத்துக்கு மேல் தோண்டி, சுற்றிலும் படிகள் கட்ட வேண்டும். மழை இல்லாத நாளில் அது திடல், பெருமழையில் தொட்டி. தண்ணீரை அங்கே பிடித்துவைத்து மெதுவாக விட்டால் கீழே இருக்கும் நான்கு நகரங்களும் மூச்சு விடலாம். தம்பி தெருவின் வடிகாலுக்கு ஒன்றும் இல்லை. காரணத்தை ஒரே வரியில் எழுதியிருந்தார்: 'இத்தெருவுக்கு வாட்டம் இல்லை.' தெரு தட்டையானது. கால்வாய் நிறைந்தால் அதன் நீர்மட்டம் தெருவைவிட உயரத்தில் நிற்கும். அங்கே வடிகால் கட்டினால் தெருத் தண்ணீர் கால்வாய்க்குப் போகாது. கால்வாய்த் தண்ணீர்தான் தெருவுக்கு வரும்.

தம்பி அன்று மாலையே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் மேல தூக்கிக் குடுத்துட்டியாமே?"

"உங்களுக்காகத்தான்டா அந்தத் திடல்."

"எனக்கா? நான் அங்க போயி பந்து விளையாடவா?"

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மேட்டு நகரத்திலும் அவருக்கு நல்ல பெயர் இல்லை. அந்த நகரத்தின் உறுப்பினர் கட்டட ஒப்பந்தக்காரர், வெள்ளைச் சட்டை, வாய் நிறையப் பேச்சு. "தம்பி மெத்தை நனையக் கூடாதுன்னு எங்க பசங்க திடல்ல குழி வெட்டறாங்க அந்தம்மா" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். இதை ஏன் மறுக்கவில்லை என்று கேட்டால், "நனையக் கூடாதுதான். அவன் மெத்தையும் நனையக் கூடாது. அதுல பொய் என்ன இருக்கு?" என்கிறார்.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தொகை இந்தக் கூட்டத்தில் வெட்டப்பட்டுவிட்டால் மறுபடி கைக்கு வர எத்தனை வருடம் ஆகுமோ. அந்த வாரங்களில் அவர் சாப்பாட்டுத் தட்டோடு சன்னலில் போய் நிற்பதும், மேகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிடுவதுமாக இருந்தார். "மேகத்துக்கா சோறு ஊட்டற?" என்று கணவர் கேட்டார்.

கூட்டம், தண்ணீர் அலமாரிப் பக்கம் ஓடிய அதே புது அறையில் நடந்தது. ஆரம்பத்திலேயே ஒப்பந்தக்காரர் எழுந்தார். சொந்தத் தம்பி கடை சம்பந்தப்பட்ட விஷயத்தில் அக்கா பேசுவது முறையா என்று கேட்டார். தலைவர் தாடையைச் சொறிந்தார். "அம்மா உக்காந்திருக்கட்டும். பேச வேண்டாம்" என்றார். அக்கா எழுதியதை வாசிக்கும் பொறுப்பு கணக்கு அதிகாரியின் தலையில் விழுந்தது. கணக்கு அதிகாரி தங்கமான மனிதர். எதிரில் இருப்பவர் முகம் சுளித்தால் அவருக்குத் தூக்கம் வராது. வாட்டம்மா சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். மடியில் பாட்டில்.

வாசிப்பு அந்த ஒரு வரியைத் தொட்டதும் பின்பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன. சங்கத்தோடு வந்திருந்த, தம்பி தெருவின் பெட்டிக்கடைக்காரர் எழுந்து நின்றார்.

"இன்னொரு தடவ படிங்க சார்."

"இத்தெருவுக்கு வாட்டம் இல்லை."

"எங்களுக்கு வாட்டம் இல்லையாம். கேட்டுக்கங்கப்பா. போன மழையில எங்கம்மாவ நாற்காலியோட தலைக்கு மேல தூக்கிக்கிட்டு கழுத்தளவு தண்ணியில நடந்தேன். சிரிச்சுக்கிட்டா நடந்தேன்?"

அறை கொந்தளித்தது. யாரோ மேசையைத் தட்டினார்கள். கணக்கு அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. வாட்டம் என்றால் முகத்தில் வருவது என்றுதான் அவருக்கும் தெரியும். வாட்டம்மா என்ற பெயரே அந்த இறுகிய முகத்துக்காக வைத்தது என்று இத்தனை நாளாக நினைத்திருந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கஷ்டத்த யாரும் இல்லன்னு சொல்லல. அந்த வரிய இப்பவே திருத்திடறேன். 'இத்தெருவுக்கு வாட்டம் உண்டு.' போதுங்களா?" என்றார்.

கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியவர் ஒப்பந்தக்காரர். வீடு வீடாகக் கட்டியவருக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்குமா? வாட்டம் உண்டு என்று பதிவாகிவிட்டால் அந்தத் தெருவில் வடிகால் கட்டலாம். வடிகால் கட்டலாம் என்றால் தொகையை வழக்கம்போல ஐந்தாக வெட்டலாம். திடல் தப்பிக்கும்.

வாட்டம்மா பாதி எழுந்துவிட்டார். தலைவர் உள்ளங்கையைக் காட்டினார். "உக்காருங்கம்மா. சொன்னா சொன்னதுதான்." அவர் உட்கார்ந்தார். பாட்டில் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். பிளாஸ்டிக் மூடி கிறீச்சிடும் சத்தம் கைதட்டலுக்கு நடுவிலும் பக்கத்து நாற்காலிவரை கேட்டது. அவர் பார்வை பின்வரிசைத் தூணோரம் நின்ற தம்பியிடம் போனது. அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்து, வாய் திறக்க உரிமையும் உள்ளவர்கள் அறையில் இரண்டே பேர். ஒருவர் கைதட்டிக்கொண்டிருந்தார். மற்றவர் சும்மா இருந்தால் போதும்; கேட்ட வடிகால் கிடைத்துவிடும், தெருவே தோளில் தூக்கிக்கொள்ளும்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சார், எழுதாதீங்க" என்றார் தம்பி.

அறை திரும்பிப் பார்த்தது.

"அந்த வரி தப்பில்ல. வாட்டம்னா கஷ்டம் இல்ல, சரிவு. தண்ணி ஓடற சரிவு. எங்கக்கா வாயில வேற வார்த்தையே வராது. எங்க தெருவுக்கு அது இல்ல. உண்டுன்னு எழுதிட்டா, தண்ணி என்ன படிச்சுப் பாத்துட்டா ஓடப் போகுது?"

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"யோவ் மெத்தை, நீ யாரு பக்கம்யா பேசற?" என்றார் பெட்டிக்கடைக்காரர்.

"அது தெரியலண்ணே. உண்டுன்னு மட்டும் எழுத வேணாம்."

"அப்ப திடலுக்குச் சம்மதமா?" என்று தலைவர் கேட்டார்.

"அப்படி நான் சொல்லல. அது எனக்குப் புரியல. இது புரியுது, இத சொன்னேன்."

நடுவில் இருக்கும் மூன்று நகரங்களில் இரண்டின் கைகள் திடலுக்காக எழுந்தன, கொஞ்சம் யோசித்து, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. பள்ளத்து நகர உறுப்பினரின் கை கடைசியில், பாதி உயரத்துக்கு. அந்தக் கையால்தான் நிறைவேறியது. யாரும் கைதட்டவில்லை. தெருக்காரர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். தம்பிக்காக யாரும் நிற்கவில்லை. "அக்காவும் தம்பியும் நல்லா ஒத்திகை பாத்துட்டு வந்திருக்காங்க" என்று பெட்டிக்கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு போனார்.

திடலைத் தோண்டி முடிக்க இன்னும் இரண்டு மழைக்காலம் போக வேண்டும். அதுவரை தண்ணீர் வழக்கமான இடத்துக்கே வரும். அது அக்காவுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

மறுநாள் பிற்பகல் வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது வாட்டம்மா கடைக்குப் போனார். உள்ளே தம்பி தனியாக வெட்டு மேசையைச் செங்கல் மேல் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் நழுவியது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார்.

"தூக்கு."

"தூக்கிட்டுத்தான்டா இருக்கேன்."

"இன்னும் ஒரு கல்லு."

வைத்தார்கள். அடுத்து பஞ்சு மூட்டைகளை மேசைமேல் ஏற்றினார்கள்.

"சங்கத்துல என்ன சொல்றாங்க?"

"வேற ஆள போட்டுட்டாங்க."

"யாரு, பெட்டிக்கடையா?"

"ம்."

"அவருக்குக் குரல் நல்லா இருக்கு."

"அது இருக்கு."

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா கை நீட்டினார். அவர் உடனே கொடுக்கவில்லை. வாசற்படிக்குப் போய், டம்ளரைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றினார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து பார்த்தார். தண்ணீர் சற்று நின்றது. பிறகு நிதானமாகக் கடைக்குள் வந்தது. மிச்சத்தை அக்காவிடம் நீட்டினார்.