ஆணியில் இல்லாத திறப்பு

"திறப்ப யாரு வச்சிருக்கீங்க?" என்று மாடிப்படியில் நின்று கேட்கிறாள் சுதர்ஷினி. கேட்பது கழிப்பறைத் திறப்பை, சாவியை. பதுளைக் கடைத்தெருவில் எங்கள் கணினிக் கந்தோர் இருக்கும் கட்டடத்துக்கு ஒரே கழிப்பறை. கீழே தையல்கடை வைத்திருக்கும் லரீபாக்காவுக்கும் மேலே கணினி வேலை செய்யும் எங்களுக்கும் அதுதான். ஒரு மரத்துண்டில் கட்டிய அதன் திறப்பு படியோரச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கவேண்டும். ஆணி வெறுமையாக இருந்தால் சுதர்ஷினிக்கு வேலை ஓடாது. தேவையில்லாத நேரத்திலும் எட்டிப் பார்ப்பாள்.

"எடுத்தவுக மாட்டணும், அம்புட்டுதான்" என்பாள்.

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவர்கள் லயத்திலும், ஒரே கூரையின் கீழ் நீளும் அந்த வரிசையில், பல வீடுகளுக்கு ஒரு கக்கூஸ். திறப்பு முதல் வீட்டுக் காம்பரா வாசலில் தொங்கும். ஒருநாள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்ட ஒருத்தியை லயமே பொழுது சாயும்வரை ஏசியதாம். "அது எங்கம்மாதான்" என்று சிரிக்காமல் சொன்னாள்.

எந்த வெயிலிலும் கழற்றாத சாம்பல்நிற ஸ்வெட்டர். காலையில் கொண்டுவரும் ரொட்டியைப் பாதி தேநீரோடும் பாதி மத்தியானமும் தின்பாள். நிரல் எழுதும்போது திரையோடு பேசுவாள். "இரு, இரு. மொதல்ல அவன் வரட்டும்" என்பது எனக்கில்லை என்று புரிய எனக்குச் சில நாள் ஆனது.

நான் எங்கள் லயத்தின் முதல் பட்டதாரி. படித்தது தமிழ். திரையில் வரும் சொற்களையும் கையேட்டையும் எழுத முதலாளி இத்ரூஸ் நானா என்னைச் சேர்த்துக்கொண்டார். 'சேமி', 'அழி' என்று எழுதுவதற்கா இத்தனை படித்தேன் என்று அடிக்கடி கேட்டுக்கொள்வேன். சுதர்ஷினி தன்னை அப்படியெல்லாம் கேட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை.

லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொழுந்து நிறுக்கும் நிரல் செய்துகொண்டிருந்தோம். அங்கே பல தராசுகள். ஒவ்வொரு தராசுக்கும் நிரலுக்குள் ஓர் இழை ஓடும், தனி ஆள் ஒருவர் வேலை செய்வதுபோல. எல்லா இழைகளும் ஒரே கணக்கில்தான் எடையைச் சேர்க்கும். இரண்டு இழைகள் ஒன்றாக எழுதினால் ஒன்றின் எடை காணாமல் போகும். காணாமல் போவது யாரோ ஒரு பெண் பறித்த கொழுந்து. அதனால் கணக்கைத் தொடுமுன் இழை ஒரு பூட்டை வாங்கவேண்டும். எழுதி முடித்ததும் விடவேண்டும். அதுவரை மற்றவை காத்திருக்கவேண்டும். எங்களிடம் இருந்தது விண்டோஸ், அங்கே லினக்ஸ். இரண்டுக்கும் பொதுவாக ஒரு லைப்ரரி, நிரல் வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளும் ஒரு பகுதி, எழுதினாள். வெளியே ஒரே பூட்டு. உள்ளே இரண்டு விதமான வேலை.

எங்களிடம் அழகாக ஓடிய நிரல், தொழிற்சாலையில் முதல் கொழுந்துப் பையை வைத்ததும் நின்றது. பிழை என்றுகூடச் சொல்லவில்லை. சும்மா நின்றது.

வியாழக்கிழமை வரை தவணை கொடுத்தார்கள். மறுபடி நின்றால் கொழும்புக் கம்பனி ஒன்றின் நிரலை எடுப்பார்கள். இத்ரூஸ் நானா நிரல் வேலையை விட்டுவிட்டு டைப்பிங் வகுப்பை மட்டும் வைத்துக்கொள்வார். சுதர்ஷினியோ, தோட்டப் பாடசாலையில் கிடைத்த ஆசிரியர் நியமனத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு இங்கே வந்தவள். அவளுடைய அம்மா ரெங்கம்மாவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. "டீச்சர்னா கொடையப் புடிச்சிக்கிட்டு கௌரவமா போகலாம். நீ பெட்டிக்கு முன்னால ஒக்காந்து பூட்டு போடுறேங்குற."

புதன்கிழமை ஒரு பழைய கணினியில் லினக்ஸைப் போட்டுப் பார்த்தாள். அதிலும் நின்றது. இத்ரூஸ் நானா கதவடியில் வந்து நின்றார்.

"ஏலுமா மகள்? ஏலாட்டி இப்பவே சொல்லுங்க. அங்க போய் மூஞ்சக் காட்டப் போறது நான்."

சுதர்ஷினி எழுந்து படிக்குப் போனாள். ஆணி வெறுமை.

"லரீபாக்கா, திறப்பு!"

"நான் எடுக்கல்ல புள்ள. இந்த யூனிபோர்ம் முடியாம காலையிலருந்து எழும்பவேயில்ல. ஒங்கட பட்டதாரியக் கேளுங்க."

நான் கைகளை விரித்துக் காட்டினேன்.

"யாரு எடுத்தாலும் இங்கதான வரணும்" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் ஒருவரும் வரவில்லை. கடைசியில் லரீபாக்காதான் தேநீர்க் கோப்பையோடு ஏறிவந்து அவளைப் பார்த்தார்.

"புள்ள, ஸ்வெட்டர் பொக்கட்டுலருந்து என்ன தொங்குது?"

மரத்துண்டு. காலையில் எடுத்தவளை யாரோ கூப்பிட, அப்படியே மறந்திருக்கிறாள்.

"நாந்தான் வச்சிருக்கேன்" என்றாள். பிறகு, வேறு குரலில், "நாந்தான் வச்சிருக்கேன்." மறுநொடி மேலே ஓடிவிட்டாள்.

பிறகு எனக்கு விளக்கினாள். எடையை எழுதும் பகுதி, பூட்டை வாங்கிக்கொண்டு, மொத்தம் கூட்டும் பகுதியைக் கூப்பிடுகிறது. அதுவும் அதே பூட்டைக் கேட்கிறது. விண்டோஸில் அவள் போட்ட பூட்டு, வைத்திருப்பவரே கேட்டால் மறுபடி உள்ளே விட்டுவிடும். லினக்ஸில் போட்டது ஆள் பார்க்காது, காத்திரு என்கிறது. இழை தன் கையில் இருப்பதற்காகத் தானே காத்துக்கொண்டு நிற்கிறது.

லினக்ஸையும் ஆள் பார்க்க வைக்கலாமாம். அவளுக்குப் பிடிக்கவில்லை. "அப்பறம் யாரு எத்தன தடவ எடுத்தாங்கன்னு நமக்கே தெரியாது." உள்ளே கூப்பிடும் பகுதி இனிப் பூட்டைக் கேட்காதபடி மாற்றினாள். இரண்டு பக்கமும் பூட்டைக் கண்டிப்பாக்கினாள்: வைத்திருப்பவரே மறுபடி கேட்டால், திரையில் ஒரு வரி வரும். அந்த வரிக்கு என்னிடம் வந்தாள். 'பூட்டு ஏற்கெனவே தங்களால் பெறப்பட்டுள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன்.

"இது யாரு, கவர்மெண்டு கச்சேரி ஐயாவா? ஒங்க கையிலதான் இருக்குன்னு போடுங்கண்ணே."

போட்டேன். பட்டம் வாங்கிய பிறகு நான் எழுதியவற்றில் எனக்குச் சந்தேகமே வராத வரி அது.

வியாழன் பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வர, பெண்கள் எல்லாரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். எல்லாத் தராசிலும் பைகள். எண்கள் ஓடின, நிற்கவில்லை. இத்ரூஸ் நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "என்னா, இன்னக்கி சுருக்கா விட்டுட்டாங்க?" என்று ஒருத்தி மழைக்குப் போர்த்தும் கொங்காணியைத் தலையில் இழுத்துக்கொண்டு நடந்தாள். சுதர்ஷினி திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் பஸ்ஸில் பதுளை வரும்வரை வாயைத் திறந்தபடி தூங்கினாள். "நிரல் பக்கத்துக்கு இன்னொரு மேசை போடோணும்" என்றார் நானா, என்னிடம் மெதுவாக, அவள் எழும்பிவிடாமல்.

ரெங்கம்மா இப்போது லயத்தில், "எம்மக பூட்டு வேல பாக்குது" என்கிறாராம்.

நேற்று ஆணி மறுபடி வெறுமையாக இருந்தது. சத்தம் போட வாயெடுத்த சுதர்ஷினி மூடிக்கொண்டாள். ஸ்வெட்டரின் இரண்டு பைகளையும் உள்புறம் வெளியே வரும்படி இழுத்து உதறினாள். ரொட்டித் துகள் மட்டும் விழுந்தது. அப்புறம்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள்.

"லரீபாக்கா... திறப்பு."