நாகலக்ஷ்மியின் மணல் சொம்புகள்

கல்கத்தாவில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்த காலம் அது. வங்காளத்தை இரண்டாக வெட்டிய கோபம் இன்னும் ஆறவில்லை. பவானிபூரில் சந்துக்குச் சந்து அகாடா என்ற தேகப்பயிற்சிக் கூடம் முளைத்திருந்தது. விடிந்தால் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று வாலிபர்கள் மண்ணில் புரண்டார்கள். புஜம் கொஞ்சம் பருத்திருந்தால் போதும், போலீஸ்காரன் பின்னாலேயே வந்தான். அதே பவானிபூரில், ஒரு மாடி வீட்டுச் சமையலறையில், போலீஸுக்கும் தெரியாமல் புருஷனுக்கும் தெரியாமல் ஒருத்தி தன் உடம்பைத் தேற்றிக்கொண்டாள். அவளைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. எழுதாவிட்டால் போகட்டும், நாமாவது சொல்லி வைப்போம்.

நாகலக்ஷ்மி கும்பகோணத்துப் பெண். அவள் புருஷன் வெங்கடராமன் கல்கத்தாவில் சர்க்கார் கணக்கு ஆபீஸ் குமாஸ்தா. கல்யாணமான பிறகு பல வருஷம் அவள் மாமியார் வீட்டிலேயே இருந்தாள். வீடு நிறைய ஓரகத்திகள், அவள் கடைசி. புளியைக் கரைக்கலாமா, உப்பைப் போடலாமா என்று எல்லாவற்றுக்கும் யாரையாவது கேட்டாக வேண்டும். கடைசியில் வெங்கடராமன் பவானிபூரில் ஒரு மாடிப் போர்ஷன் பிடித்து அவளை அழைத்துக்கொண்டான். இரண்டு அறை, ஒரு சமையலறை, யாரையும் கேட்காமல் உப்புப் போடக்கூடிய ஓர் அடுப்பு. அந்த அடுப்பை மூட்டிய முதல் நாள் அவள் சந்தோஷத்தில் அழுதாள். புகை என்று புருஷனிடம் பொய் சொன்னாள்.

வீட்டில் ஒரே ஒரு குறை. தண்ணீர்க் குழாய் கீழே முற்றத்தில் இருந்தது. சமையலுக்கு மடித் தண்ணீர்தான் வேண்டும். குளித்து, யார் கையும் படாமல் உலர்ந்த புடவையைக் கட்டிக்கொண்டு, வழியில் யாரையும் தொடாமல் அவளே பிடித்து அவளே கொண்டுவர வேண்டும். தெருவில் தண்ணீர் விற்கிறவன் தோல் பையில் கொண்டுவருவான். அந்தப் பேச்சே கிடையாது. ஆகவே நாகலக்ஷ்மி தினமும் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் செங்குத்துப் படிகளில் ஏறி இறங்கினாள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அந்த வருஷக் கோடைத் தொடக்கத்தில் கல்கத்தாக் காய்ச்சல் அவளைப் பிடித்தது. கொய்னா மருந்து கசந்து கசந்து ஒருவழியாகக் காய்ச்சல் இறங்கியபோது உடம்பில் எலும்பும் தோலும்தான் மிச்சம். அப்படியும் பிடிவாதமாகக் குடத்தைத் தூக்கினாள். பாதிப் படியில் கண் இருட்டியது. குடம் கைநழுவி, படிக்குப் படி முட்டி, பவானிபூர் முழுவதற்கும் சமாசாரம் சொல்லிக்கொண்டு முற்றத்தில் போய் விழுந்தது. கீழே குடியிருந்த வீட்டுக்காரர் மித்ர பாபுவும் அவர் மனைவியும் ஓடி வந்தார்கள். நாகலக்ஷ்மி படியிலேயே உட்கார்ந்து, நெளிந்துபோன குடத்தைப் பார்த்து அழுதாள்.

அதற்குப் பிறகு வெங்கடராமனே குளித்துவிட்டுத் தண்ணீர் சுமந்தான். நல்ல மனுஷன். ஆனால் அவனோடு வேலை பார்த்த சிவராமகிருஷ்ணன் லீவில் ஊருக்குப் போனவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "உங்க பிள்ளை கல்கத்தாவிலே குடம் தூக்கறான் மாமி" என்று ஜகதாம்பாளிடம் ஊதிவிட்டான். ஜகதாம்பாள் வெங்கடராமனின் தாயார், சொன்னால் சொன்னதுதான். ஆவணியில் அப்பாவுடைய திவசம் வருகிறது, அதற்கு நேரே கல்கத்தாவுக்கு வருகிறேன், திவசம் முடிந்ததும் நாட்டுப்பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுகிறேன், பிள்ளை மெஸ்ஸில் சாப்பிடட்டும் என்று உத்தரவு வந்தது.

போனால் லேசில் திரும்பி வர முடியாது என்று நாகலக்ஷ்மிக்குத் தெரியும். உடம்பு தேறட்டும், இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அங்கேயே கிழவியாகிப்போன ஒரு பெரிய ஓரகத்தியை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

இதே சமயத்தில் வெங்கடராமனுக்கும் உடம்பைத் தேற்றும் ஆசை வந்தது. அகாடாவுக்குப் போனால் சர்க்கார் உத்தியோகத்துக்கு ஆபத்து. அதனால் சௌரங்கிக் கடையில் ஒரு ஜோடி இரும்பு டம்பெல்ஸ் வாங்கி வந்தான். கூடவே ஒரு படத்தாள். அதில் மீசை வைத்த, சட்டை போடாத வெள்ளைக்காரன் ஒருத்தன் கையை மடக்கி, நீட்டி, குனிந்து, நிமிர்ந்து, உட்கார்ந்து, எழுந்து காட்டினான். வெங்கடராமன் அதைச் சுவரில் ஒட்டினான். சில நாள் ஹூம் ஹூம் என்று சத்தமாக மூச்சு விட்டான். பிறகு தோள்பட்டை பிடித்துக்கொண்டது. டம்பெல்ஸ் கட்டிலுக்கு அடியில் செருப்புக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. ஆரம்ப சூரத்தனம் என்பார்களே, அதற்கு வெங்கடராமனைக் காட்டினால் போதும்.

படம் மட்டும் சுவரில் இருந்தது. சட்டையில்லாத அந்நிய புருஷன் இருக்கும் சுவர்ப்பக்கமே போக நாகலக்ஷ்மி முதலில் கூசினாள். ஒரு நாள் பெருக்கும்போது நன்றாகவே பார்த்துவிட்டாள். ஒரு கட்டத்தில் அவன் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தான். "அடடே, இவன் தோப்புக்கரணம்னா போடறான்!" என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையாரை அறியாத வெள்ளைக்காரன் போட்டே இப்படித் தோள் திமிற நிற்கிறான் என்றால், நாம் போட்டால் என்ன?

டம்பெல்ஸை எடுக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். பிடியில் தோல் தைத்திருந்தது. அவளுக்கு ஓய்ந்த நேரம் என்பது குளித்ததற்கும் அடுப்பு மூட்டுவதற்கும் நடுவில் கிடைப்பது ஒன்றுதான். அப்போது மடியில் இருப்பாள். தோலைத் தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும். காய்ச்சல் கண்ட உடம்புக்கு இரண்டாம் குளியல் வேறு வினை. அவள் யோசித்தாள். அடுத்த முறை காளிகாட்டில் ஸ்நானத்துக்குப் போனபோது ஆதிகங்கை மணலை ஒரு துணியில் முடிந்துகொண்டு வந்தாள். இரண்டு பித்தளைச் சொம்புகளில் அதைக் கெட்டியாக அடைத்து, வாயைப் பழைய மடிப் புடவைக் கிழிசலால் இறுக்கிக் கட்டினாள். சொம்பின் கழுத்து பிடிப்பதற்கு வாகாக இருந்தது. கங்கை மணல், பித்தளை, மடித்துணி. இதைவிட ஆசாரமான டம்பெல்ஸ் உலகத்தில் எங்கேயும் கிடையாது என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

முதல் நாள் சொம்பைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தோப்புக்கரணத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு, படியில் பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது. விடவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று சொல்லிக்கொண்டே செய்தாள். சாயங்காலம் ஒரு சொம்புத் தண்ணீரோடு படியேறிப் பார்த்தாள். அது சுலபமானதும் ஒரு கூஜா, பிறகு சின்னத் தவலை, பிறகு அரைக்குடம். பசித்துச் சாப்பிட்டாள். மத்தியானம் படுக்கையைத் தேடுவது நின்றுபோயிற்று. கையை மடக்கினால் மேற்புறம் ஓர் எலுமிச்சம்பழம் எழும்பி நின்றது. யாரும் பார்க்காதபோது அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

இந்தச் சமயத்தில்தான் மித்ர பாபு ஒரு நாள் சாயங்காலம் வெங்கடராமனை வாசலிலேயே மடக்கினார். முகத்தில் ஈயாடவில்லை.

"கீ ஹொச்சே மொஷாய், என்ன நடக்கிறது இங்கே? தினம் காலையில் என் தலைக்கு மேலே தொம் தொம் என்று சத்தம். மாடியில் அகாடா வைத்திருக்கிறீர்களா? போலீஸ் வந்தால் உங்களோடு நானும் அல்லவா போவேன்!"

தன்னைப் போய் ஒருத்தர் பயில்வான் என்று சந்தேகப்பட்டதில் வெங்கடராமனுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். ஆனாலும் பயத்தோடு மாடிக்கு ஓடினான். நாகலக்ஷ்மி உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"நீயா? பொம்மனாட்டி செய்யற காரியமாடி இது? நிறுத்திடு நாகா. உடம்புக்கு ஏதாவது வந்துடப் போறது."

"உடம்புக்கு வந்ததைப் போக்கிக்கத்தான் செய்யறேன்னா. நான் நிறுத்தினா அம்மா என்னை அழைச்சுண்டு போயிடுவா. போயிடட்டும்னு இருக்கேளா?"

வெங்கடராமன் அவளைப் பார்த்தான். பிறகு, மடிக்கு விலக்கில்லாத கம்பளியை எடுத்து நாலாக மடித்து, சொம்பை வைக்கும் இடத்தில் போட்டுக் கொடுத்தான். சொன்னோமே, நல்ல மனுஷன்.

மித்ர பாபுவின் சந்தேகம் அதோடு தீரவில்லை. மறுநாள் காலை அவர் மனைவி மாடியேறி வந்தாள். நாகலக்ஷ்மி அவளை மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுவாள். மடியில் இருப்பவளைத் தொடாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து, மாஷிமா தோப்புக்கரணம் முழுவதையும் கண்கொட்டாமல் பார்த்தாள். "ஷாபாஷ் பௌமா!" என்று தன் நாட்டுப்பெண்ணையே மெச்சுவதுபோல் மெச்சினாள். கீழே போய், வெடிகுண்டும் இல்லை ஒன்றும் இல்லை, பித்தளைச் சொம்பு என்று புருஷனுக்குத் தைரியம் சொன்னாள்.

ஆவணி பிறந்தது. ஜகதாம்பாள் ஹௌரா ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் கால் வைத்ததும் நாட்டுப்பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தேறினாப்பலேதான் இருக்கு. ஆனா பார்வைக்கு இருந்து என்ன பிரயோஜனம்? திவசத்தன்னிக்குத் தண்ணி யார் கொண்டுவரது? இவனா? திவசம் பண்ணற கர்த்தா குடம் தூக்கினா பித்ருக்கள் சிரிக்க மாட்டாளோ?"

"நான் கொண்டுவரேம்மா" என்றாள் நாகலக்ஷ்மி.

"பார்க்கலாம். உன் பெட்டியை மட்டும் கட்டி வெச்சுக்கோ."

நாகலக்ஷ்மி பெட்டியைக் கட்டவில்லை.

திவசத்தன்று விடியும்போதே மழை தூறிக்கொண்டிருந்தது. படியெல்லாம் வழுக்கல். நாகலக்ஷ்மி ஈரப்புடவையோடு குடம் குடமாகத் தண்ணீர் ஏற்றினாள். சமையலுக்கு, பாத்திரத்துக்கு, பிராமணர்கள் கால் அலம்ப. மூச்சு வாங்கவில்லை. ஜகதாம்பாள் சமையலறையிலிருந்து ஒவ்வொரு குடமாக எட்டிப் பார்த்தாள். திவசம் நடத்திவைக்க வைத்தீஸ்வர சாஸ்திரிகள் வந்தார். கூடத்தில் மந்திரம் தொடங்கியது. வெங்கடராமன் விரலில் தர்ப்பைப் பவித்திரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இனி முடிகிறவரை அவன் எழுந்திருக்கக் கூடாது.

இலை அலம்புவதற்கு ஜகதாம்பாள் தானே கீழே போனாள். நாட்டுப்பெண் அலம்பினால் அவளுக்குத் திருப்திப்படாது. திரும்பி ஏறும்போது முதல் படியிலேயே கால் வழுக்கியது. "ஐயோ!" என்ற சத்தம் மாடிவரை கேட்டது. நாகலக்ஷ்மி ஓடி வந்து பார்த்தபோது, மாமியார் முற்றத்தில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாஷிமா தூக்குவதற்குக் குனிந்துகொண்டிருந்தாள்.

"தொடாதே!" என்று ஜகதாம்பாள் கத்தினாள்.

மாஷிமாவுக்கு மொழி புரியவில்லை, விஷயம் புரிந்தது. அவள் வீட்டு விதவைகளுக்கும் இதே ஆசாரம்தான். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிள்ளை எழுந்திருக்கக் கூடாது. சாஸ்திரிகள் வரக் கூடாது. மற்றவர்கள் தொட்டால் அந்தக் காலோடு மறுபடி குளிக்க வேண்டும், மேலே அடுப்பில் திவசச் சமையல் நின்றுபோகும். அந்த வீட்டில் அப்போது ஜகதாம்பாளைத் தொடக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள்.

நாகலக்ஷ்மி மாமியாருக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"கழுத்தைக் கட்டிக்கோங்கோம்மா."

"அசடே! உன்னாலே முடியாதுடி. ரெண்டு பேருமா விழுவோம்."

"கட்டிக்கோங்கோ."

ஜகதாம்பாள் பூஞ்சை உடம்புக்காரி அல்ல. நெய்யும் தயிருமாக வளர்ந்த காவேரிக்கரை உடம்பு. கனம் முதுகில் விழுந்ததும் நாகலக்ஷ்மிக்கு ஒரு கணம் பயம் வந்தது. பிறகு தொடைக்குப் பழக்கமான வேலையைத் தொடை செய்தது. நேராக எழுந்து நின்றாள். கைப்பிடிச் சுவரைத் தொடாமல், நிதானமாக, ஒரு படி கூடத் தடுமாறாமல் ஏறினாள். கழுத்தைக் கட்டியிருந்த கைகள் பாதிப் படிவரை இறுக்கமாக இருந்தன; பிறகு தளர்ந்தன. கீழே மாஷிமா வாயில் கைவைத்தபடி நின்றாள். சமையலறையில் மாமியாரை மணையில் உட்காரவைத்துவிட்டு, நாகலக்ஷ்மி திரும்பி இறங்கிப் போய் இலைகளை எடுத்து வந்தாள். உள்ளுக்குள் அவளுக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது. பித்ரு காரியத்தன்று கூத்தாடக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

ஜகதாம்பாள் மணையில் உட்கார்ந்தபடியே மீதிச் சமையலை முடித்தாள். திவசம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. சாஸ்திரிகள் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டும்போது உபசாரமாகக் கேட்டார்:

"நாட்டுப்பொண்ணுக்கு உடம்பு சரியில்லே, கூட அழைச்சுண்டு போறதா உத்தேசம்னு சொன்னேளே மாமி. என்னிக்குப் பிரயாணம்?"

வெங்கடராமன் தலையைக் குனிந்துகொண்டான். நாகலக்ஷ்மி கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜகதாம்பாள் வீங்கிய காலை நீட்டிப் போட்டுக்கொண்டு சாஸ்திரிகளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"யாருக்கு உடம்பு சரியில்லே?" என்றாள்.